முதலில் ‘வெட்டாதீங்க’ என்று சொல்லுங்கள்

கோட்டிங் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் வணக்கம். வரும் வெள்ளியோடு நான் ரிட்டயர்டு. இருபத்தெட்டு வயதில் என்ன ரிட்டயர்மென்ட் என்று சிரிக்காதீர்கள். இந்த ரூமில் சில மழைக்காலங்களைத் தாக்குப்பிடித்தவனுக்கு அரசாங்கமே பென்ஷன் தரலாம். மேனேஜர் போகும் முன் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எவ்வளவு மருந்து, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, உங்களுக்குப் படிக்கத் தெரியும். சுவரில் ஒட்டாத ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், ஒரு கையில் முட்டை பஃப்ஸ் இருக்கிறது.

முதலில் நம் வேலை என்ன என்பதில் தெளிவாக இருங்கள். நான் வீட்டில் ‘கண்ணாடி கம்பெனி’ என்று சொல்லி வைத்தேன், மாமா பாத்ரூம் கண்ணாடிக்கு டிஸ்கவுன்ட் கேட்டார். நாம் செய்வது லேபுகளுக்குப் போகும் ஸ்லைடு, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைக்கும் கண்ணாடித் துண்டு. மனித உடம்பிலிருந்து எடுத்த சதையை முடியைவிட மெல்லிசாகச் சீவி அதன்மேல் வைப்பார்கள். சில டெஸ்டுகளில் அதைக் கொதிக்கும் திரவத்தில் போடுவார்கள். வெறும் கண்ணாடியாக இருந்தால் சதை கழன்றுவிடும். அதனால் கண்ணாடிக்கு நாம் ஒரு தோல் போடுகிறோம். சிலேன் என்கிற மருந்தைக் கரைத்த தொட்டியில் கண்ணாடியை முக்கினால், திரவத்தில் அலையும் மூலக்கூறுகள் தானாக வந்து கண்ணாடியில் காலை ஊன்றி, தலையை மேலே தூக்கி, தோளோடு தோள் நிற்கும். ஒரே ஒரு வரிசை. யாரும் அடுக்க வேண்டாம். சதை வந்தால் அந்தத் தலைகள் பிடித்துக்கொள்ளும்.

சேர்ந்த அன்று இதைக் கேட்டுவிட்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அதுவே வந்து அதுவே நிக்கும்னா நமக்கு எதுக்குக்கா சம்பளம்?”

“சும்மா இருக்கறதுக்குத்தான்டா. செஞ்சு பாரு, எவ்ளோ கஷ்டம்னு தெரியும்,” என்றார் சுகந்தி அக்கா.

உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் அவர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர், எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அன்றைக்கு அவர் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன்.

“காலைல ஆவடி லோக்கல்ல ஏறியிருக்கியா? கம்பியப் புடிச்சவன் நிப்பான். கம்பியப் புடிச்சவனோட பையப் புடிச்சவன் பிரேக் போட்டா விழுவான். இங்கயும் அதேதான். மருந்து ஜாஸ்தியானாலும் சரி, காத்துல ஈரம் ஜாஸ்தியானாலும் சரி, கண்ணாடியப் புடிக்காம ஒன்ன ஒன்னு புடிச்சுக்கும். பிளாட்ஃபாரத்துல நின்னு பாத்தா வண்டி ஃபுல்லாத்தான் தெரியும்.”

இவ்வளவு தெரிந்தவர்தான் அவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த வருட ஐப்பசியில் மழை விடவே இல்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோடில் தண்ணீர் முழங்கால் வரை. ரூமில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் கிழட்டு நாய் மாதிரி இரைத்துக்கொண்டு கிடந்தது. நாம் தினமும் செய்யும் துளி டெஸ்ட் உங்களுக்குத் தெரியும்: தோல் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எப்படி உட்காருகிறது என்று பார்ப்பது. தோல் சரியாக இல்லையென்றால் தோசை மாதிரி பரவும். அந்த வாரம் எது எடுத்தாலும் தோசை. பெரிய ஆர்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிரவீன் என்று என் செட் பையன் ஒருவன் இருந்தான், இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேரில் இருக்கிறான். அவன்தான் மருந்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்றான். ஏற்றினோம். மறுபடியும் ஏற்றினோம். சொட்டு குண்டாக, உப்பலாக உட்கார்ந்தது.

“மச்சான், இட்லி பாத்தியா? சட்னி ஊத்திடலாம் போல.”

“அக்கா, வாங்க, வந்து பாருங்க.”

அக்கா வந்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு கண்ணாடியில் அவரே சொட்டு விட்டுப் பார்த்தார். அதுவும் இட்லி. “நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லி அந்த லாட்டை, அந்த மருந்தில் முக்கிய அத்தனை கண்ணாடியையும், அனுப்பச் சொன்னார். வரிசையாகத் தோசை பார்த்துக் களைத்த கண்ணுக்கு இட்லி வந்தால், மாவைப் பற்றி யார் கேட்பார்கள்? கண்ணாடியைக் கொதிக்க வைத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றும் உண்டு. நேரம் பிடிக்கும். துளி நன்றாக வந்தால் அதை அடுத்த லாட்டுக்குத் தள்ளிவிடுவது எங்கள் ரூம் பழக்கம். எங்கும் எழுதி வைக்காத பழக்கம். அன்றும் தள்ளினோம்.

சில நாள் கழித்து ஜான்சி அக்காவின் போன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். சதையைச் சீவுவது, கலர் போடுவது எல்லாம் அவர் ஒற்றை ஆள். சுகந்தி அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னாம்மா சுகந்தி, உன் ஸ்லைடுல பீஸு நிக்க மாட்டேங்குது. கொதிக்க வச்சா கழண்டு மெதக்குது.”

“கொதிக்க வைக்கற பஃபர் புதுசா கலக்கினதா, ஜான்சி?”

“நேத்து கலக்கினது.”

“நல்லா காய வச்சீங்களா? மழை வேற.”

“வச்சேன்மா. நான் இன்னா புதுசா செய்றனா?”

“அதுக்கில்ல. எங்க ரீடிங் எல்லாம் சூப்பரா இருக்கு, இந்த வருஷத்துலயே பெஸ்ட் லாட் இதுதான். உங்க பக்கம் ஒருவாட்டி பாத்துருங்களேன்.”

“சரி, நீ சொல்றியேன்னு புதுசா கலக்கிப் பாக்கறேன். வச்சிரு.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, கத்தல் இல்லை. எந்தக் கம்பெனியிலும் எந்தப் புகாருக்கும் முதலில் சொல்லும் பதில்தான் இது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். அந்த ரீடிங்கைப் பார்த்திருந்தால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

‘புதுசா கலக்கிப் பாக்கறேன்’ என்றால் அந்த லேபில் என்ன நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கு ஒரு கண்ணாடி கெட்டால் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். அலமாரி நிறைய கண்ணாடி இருக்கிறது. அந்தப் பக்கம் கண்ணாடி மேல் ஏறுவது ஊசி வழியாக ஒரு ஆளிடமிருந்து உருவி எடுத்த சதை. சேமியா அளவுதான் இருக்கும். அதை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை டெஸ்ட் பார்க்கவும் அதைச் சீவ வேண்டும். சீவச் சீவ அது தீரும். ஜான்சி அக்கா பஃபரைப் புதிதாகக் கலக்கி, சதையைப் புதிதாகச் சீவி, எங்கள் ‘பெஸ்ட் லாட்’ மேலேயே மறுபடி வைத்தார்.

அடுத்த போன் வந்தபோது அவர் குரலில் கோபம் இல்லை.

“சுகந்தி, திரும்பவும் போச்சு. பஃபர மாத்திப் பாத்தேன், சூட்டக் கொறச்சிப் பாத்தேன். எல்லாம் மெதந்துகினு கீது. மெழுகு பிளாக்குல இப்போ தாளு மாதிரிதான் மிச்சம்.”

“யாரோடது அது?”

“செல்வின்னு ஒரு அம்மா. கழுத்துல கட்டி. சாதா கலர்ல பாத்துட்டு டாக்டரு சந்தேகமா கீதுன்னாரு. எந்த வகைன்னு ஸ்பெஷல் கலர் போட்டாத்தான் தெரியும், தெரிஞ்சாத்தான் மருந்து ஆரம்பிப்பாங்க. அது டெய்லி ஷிஃப்டு முடிச்சிக்கினு நேரா இங்க வந்து உக்காந்துக்குது. நான் இன்னா பதில் சொல்றது?”

சுகந்தி அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார். “ஜான்சி, வெட்டாதீங்க. நான் சொல்ற வரைக்கும் கத்தியத் தொடாதீங்க.”

பிறகு அந்த லாட்டில் மிச்சமிருந்த ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராக பேன்ட்ரிக்குப் போனார். லேப் அடுப்பு சூடாகும்வரை பொறுக்க அவரால் முடியவில்லை. டீ போடும் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கண்ணாடியைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியிலிருந்து பாலாடை மாதிரி ஒன்று கிளம்பி, சுருண்டு, தண்ணீரில் சுற்றியது. எங்கள் இட்லி அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கம்பியைப் பிடிக்காத கூட்டம்.

“நான்தான்க்கா மருந்த ஏத்த...” என்று பிரவீன் ஆரம்பித்தான்.

“பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கலாம். மழைக்கு முன்னாடி போட்ட லாட்ல ஏதாவது மிச்சம் இருக்கா?”

இல்லை. எல்லாம் போய்விட்டது.

இங்கே அக்கா செய்ததைக் கவனியுங்கள், வரிசை முக்கியம். புதுத் தொட்டி போடும் முன் அவர் போனை எடுத்தார். அந்த லாட் போன ஒவ்வொரு லேபுக்கும் பேசினார். மேனேஜர் ஓடி வந்தார்.

“சுகந்தி, கொஞ்சம் பக்குவமா சொல்லும்மா. ‘சின்ன சந்தேகம் இருக்கு, செக் பண்ணிட்டிருக்கோம்’னு சொல்லேன். ஆர்டர் கைய விட்டுப் போயிடும்.”

“போட்டும் சார். நான் பக்குவமா பேசி முடிக்கறதுக்குள்ள அங்க ஒருத்தர் சீவிடுவாங்க.”

ஆர்டர் போனது. அதற்காக யாரும் மாலை போடவில்லை. அந்த வருட இன்கிரிமென்டும் கூடவே போனது. இன்றைக்கும் அவர் லேப் நம்பர் என்று தெரிந்தால் ஹலோ சொல்வதில்லை. “வெட்டாதீங்க, இப்ப சொல்லுங்க” என்றுதான் ஆரம்பிப்பார். சிலர் பயந்துபோய் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்கள். நீங்கள் சிரிக்கலாம், ஆனால் அப்படியே பழகிக்கொள்ளுங்கள். தப்பு யார் பக்கம் என்று அப்புறம் நிதானமாகப் பேசலாம். முதலில் கத்தி நிற்கட்டும். உங்கள் ரீடிங் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் தொட்டி. ஜான்சி அக்காவுக்குக் கொடுக்க ஒரு கையளவு கண்ணாடி போதும். ஆனால் வெளியே அதே மழை, ரூமில் அதே ஈரம், ஒவ்வொரு நிமிடமும் பூந்தமல்லியில் ஒரு அம்மா பெஞ்சில் காத்திருக்கிறார் என்கிற நினைப்பு. பிரவீன் பாவம், எதையாவது செய்து சரிக்கட்டத் துடித்தான்.

“அக்கா, கொஞ்சம் சூடு பண்ணா சீக்கிரம் புடிச்சுக்கும்.”

“பிரவீன், நீ இன்னைக்குத் தொட்டி பக்கமே வராத. போய் டீ வாங்கிட்டு வா. கெட்டில்ல போடாத.”

சின்ன பெட்டிக்குள் காய்ந்த காற்றை நிரப்பி, மருந்தை இதுவரை நான் பார்த்ததிலேயே குறைவாகக் கலந்து, கண்ணாடிகளை முக்கிவிட்டு அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் தட்டிவிட்டார். பின்னால் மேனேஜர் நடந்துகொண்டே இருந்தார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எடுத்துக் கழுவிக் காயவைத்துச் சொட்டு விட்டபோது இட்லியும் வரவில்லை, தோசையும் வரவில்லை. நடுவில் சுமாரான ஊத்தப்பம். மற்ற நாளாக இருந்தால் இதைப் பார்த்து முகம் சுளித்திருப்போம். ஒரு கண்ணாடியைக் கொதிக்க வைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டோம். அதே ஊத்தப்பம். கொதிப்பதற்கு முன்னும் பின்னும் மாறாமல் இருப்பதுதான் நம் வேலையில் அழகு. வேறு எதையும் அழகு என்று நம்பாதீர்கள்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் நானும் அக்காவும் கிளம்பினோம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளம், சேறு, லாரி வரிசை. அக்கா டப்பாவை ரெயின்கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் முதுகில் குத்தினார்.

ஜான்சி அக்கா எங்களைப் பார்த்ததும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெழுகுக் கட்டியைக் காட்டினார். நடுவில் சதை இருந்த இடம் வெளிறிய கோடு மாதிரி தெரிந்தது.

“இதான் கீது. வந்தா வரும், வரலன்னா இல்ல. பேசாம நில்லுங்க ரெண்டு பேரும்.”

சீவினார். துண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் விரிந்து மிதந்தது. எங்கள் கண்ணாடியால் அதை ஏந்தி எடுத்தார். காய வைத்தார். பிறகு கொதி. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து ஜான்சி அக்கா இடுக்கியால் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“நிக்குது. ஆணி அடிச்சா மாதிரி நிக்குது.”

கலர் போட்டு முடிய மதியம் தாண்டிவிட்டது. நாங்கள் போகவில்லை. எதிரில் ஆளுக்கு ஒரு பரோட்டா சாப்பிட்டு வந்து திரும்ப அங்கேயே நின்றோம். சாயங்காலம் ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

“ஸ்லைடு ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரு ஓரம்கூடத் தூக்கல. ஆனா இதுல இருக்கறது வெறும் கொழுப்பும் நாரும்தான். சந்தேகப்பட்ட இடம் முன்னாடியே சீவினதுல போயிடுச்சு. இத வச்சு நான் ஒன்னும் சொல்ல முடியாது. திரும்ப ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்க.”

இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே சரியான தோல் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது. ஒவ்வொன்றும் காலை ஊன்றி, தலையைத் தூக்கி நின்றிருந்தது. அது பிடித்திருக்க வேண்டியது இரண்டு போன்களுக்கு நடுவில் கழுவுதொட்டிக்குள் போய்விட்டது. முதல் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

செல்வி அம்மா அப்போதுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நசரத்பேட்டை பக்கம் ஒரு வேர்ஹவுஸில் பேக்கிங் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை, அதற்கு மேல் கட்டியை மறைத்துச் சுற்றிய துப்பட்டா, மடியில் டிபன் பை. ஜான்சி அக்கா வெளியே போனார். சுகந்தி அக்காவும் கூடவே போனார். வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன், அவர் நிற்கவில்லை.

“இன்னாம்மா, வந்துச்சா?” என்றார் செல்வி அம்மா.

“இல்லக்கா. திரும்ப ஒரு தபா ஊசி போட்டு எடுக்கணும்னு சொல்றாரு டாக்டரு.”

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. “அன்னிக்கு எடுத்தாங்களே. அது இன்னா ஆச்சு?”

ஜான்சி அக்கா வாயைத் திறப்பதற்குள் சுகந்தி அக்கா முன்னால் வந்தார். “அது எங்க கண்ணாடில ஒட்டலம்மா. கழண்டு போயிடுச்சு. தப்பு எங்களோடது.”

“நீ யாரும்மா, டாக்டரா?”

“இல்லம்மா. கண்ணாடி செய்யற கம்பெனி.”

செல்வி அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். மழையில் நனைந்து காய்ந்த சுடிதார், சேறு அப்பிய செருப்பு. கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

“உக்காரு. கண்ணாடி இன்னாம்மா பண்ணும். ஊசி உள்ள போச்சொல்ல நான் ஆடிட்டேன். ஆடாத ஆடாதன்னு டாக்டரு சொல்லிக்கினேதான் இருந்தாரு. பயத்துல ஆடிட்டேன். அதான் சரியா மாட்டல போல.”

“அய்யோ, அப்படி இல்லம்மா. பீஸ் நல்லாத்தான் வந்துச்சு. நாங்கதான்...”

“இல்லம்மா, எனக்குத் தெரியாதா? நான்தான் ஆடினேன்.”

அக்கா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூலக்கூறு, மருந்து, மழை, எல்லாம் சொன்னார். செல்வி அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அழுகிற பிள்ளை சொல்வதைக் கேட்கிற மாதிரி. பிறகு டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, துப்பட்டாவை இறுக்கிக் கட்டினார்.

“எப்போ வரணும்னு கேட்டுச் சொல்லும்மா,” என்றார் ஜான்சி அக்காவிடம். “இந்த தபா ஆடமாட்டேன்னு டாக்டராண்ட சொல்லு.”